முகடு பிரித்த வீடு

12.9.92, சனி

நல்ல வெயில். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓயப்போகிறது. இரண்டு நாளாகப் புழுதி குறைவு.

இன்று:
ஆறுமுகம் அண்ணையைக் கூப்பிட்டுக் கூரை காட்டுவது.
ஒன்பதாம் வகுப்புத் தேசப்படங்கள் முப்பத்தாறு.
மாமிக்குப் பாவற்காய்.
சவர்க்காரம், கிடைத்தால்.

ஆறுமுகம் அண்ணை பத்து மணிக்கு வந்தார். சண்டிலிப்பாயில் பாதி வீடுகள் அவர் வேய்ந்தவை. சைக்கிளை வேலியில் சாத்தி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, வீட்டை ஒருமுறை சுற்றி நடந்தார். தாழ்வாரத்துத் தென்னங்கிடுகை விரலால் குத்தினார். தூளாகக் கொட்டியது. மூன்றாவது வருடக் கிடுகு. உள்ளே வந்தார். வளை, கைமரம், சிலாகை என்று கூரை மரமெல்லாம் தட்டிப் பார்த்தார். நாலு மூலையும் பார்த்தார். நடு முகட்டில் இருக்கிற திறப்பை மட்டும் பார்க்கவில்லை. அதற்குள்ளால் விழுந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டே பார்க்கவில்லை.

"மரமெல்லாம் நல்லாய்க் கிடக்கு. வைரமான பனை. ஓலைதான் முடிஞ்சுது. எத்தினை வரியத்துக்குப் பிள்ளை?"

"விளங்கேல்லை அண்ணை."

"ஒரு வரியத்துக்கெண்டால் கிடுகு. நாலு வரியத்துக்கெண்டால் பனையோலை. உங்கடை காலத்துக்கும் எண்டால் ஓடு. அதைச் சொன்னால்தானே நான் மிச்சம் கதைக்கலாம்."

'அவர் திரும்பி வரும்வரைக்கும்' என்று வாய்வரை வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"கெதியாய் யோசியுங்கோ. ஐப்பசி பிறந்தால் நான் ஏணியிலை ஏறமாட்டன்."

பின்னேரம் படங்கள் திருத்தினேன். முப்பத்தாறில் ஒன்பது பேர் வடக்கைக் கீழே போட்டிருக்கிறார்கள்.

13.9, ஞாயிறு

ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கவேண்டும். எனக்காக.

பா. என்றுதான் எழுதப்போகிறேன். முழுப்பெயரை எழுதினால் மரண அறிவித்தல் போல இருக்கிறது.

பா. என் கணவர். படவரைஞர். மாமியின் ஒரே மகன். ஆனிக் கடைசியில் வவுனியாவுக்குப் போனார், மாமியின் சீனி வருத்தத்துக்கு ஊசிமருந்து வாங்க. இங்கே எந்த மருந்துக்கடையிலும் இல்லை. ஆடி இரண்டாந் திகதி இரவு திரும்பி வரும் வழியில் கடலேரியைக் கடந்த படகுகளுக்குக் கடற்படையின் சூடு. மூன்று படகு கரை சேர்ந்தது. அவர் ஏறிய படகு வரவில்லை. உடல் இல்லை. பை இல்லை. கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை.

மறுநாள் செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில். பத்தாம் வகுப்புக்குப் பருவக்காற்று நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் மாமியின் தம்பி, சின்னமாமா, பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஆடி இரண்டு, இரவு பத்து மணிக்கு மேல் பஞ்சமி. பஞ்சமியில் போகிற உயிர் தனியே போகாதாம். வீட்டைச் சுற்றி நின்று இன்னும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகுமாம். அதனால் முகட்டைப் பிரித்து வழி விடவேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சடலம் வீட்டில் கிடக்கும்போது செய்வது. சடலம் இல்லாத வீட்டில் சின்னமாமா ஏணி வைத்து ஏறி, கொக்கத்தடியால் கிடுகை இழுத்து விழுத்தியிருக்கிறார். மாமி அழுதபடி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

நான் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது வீட்டின் நடுவில் வெயில் கிடந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்து, அதன் பிறகு முகட்டை மூடுவது வழக்கம். இங்கே அந்தியேட்டி நடக்கவில்லை. நான் விடவில்லை. "ஆள் செத்ததெண்டு ஆர் சொன்னது?" என்று சின்னமாமாவைக் கேட்டேன். மூத்தவர் ஒருவரோடு அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிறகு வரவில்லை.

ஆகவே முதல் வேலை முடிந்து, கடைசி வேலை நிற்கிறது. நடுவில் இரண்டு மாதமாக நானும் மாமியும். மேலே ஒரு ஆளின் தோள் நுழையும் அளவு ஆகாயம்.

15.9, செவ்வாய்

இடைவேளை. ஆசிரியர் அறை. வெக்கை.

கூரைகள்:

கிடுகு. தென்னையோலை. ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. இலகு. எலி. அடுத்த வருடம் மறுபடி ஆறுமுகம் அண்ணை, மறுபடி அதே கேள்வி.

பனையோலை. மூன்று, நாலு வருடம். நம் மண்ணில் முளைத்தது. உக்கினால் புகையிலைத் தோட்டத்துக்குத் தாழ்க்கலாம், எருவாகும். குளிர்ச்சி. தீப்பொறி பட்டால் முடிந்தது.

தகரம். வைத்திருந்தவர்கள் விற்கிறார்கள். கடையில் இல்லை.

அஸ்பெஸ்ரோஸ் சீற். இங்கே கொண்டுவரத் தடை. தடை இல்லாவிட்டாலும் வேண்டாம். அதன் தூள் நெஞ்சுக்குள் போய் இருபது வருடம் காத்திருக்கும் என்று பல்கலைக்கழகத்தில் ஒருவர் சொன்னார். காத்திருக்கிற பொருள் ஒன்று ஏற்கனவே வீட்டில் இருக்கிறது.

ஓடு. ஐம்பது வருடம். நூறு. பா.வின் விருப்பம் ஓடு. கூரையின் சரிவு எத்தனை பாகை என்றுகூடக் கீறி வைத்திருந்தார்.

எட்டிப் பார்த்த புவனா ரீச்சர்: "என்னடியப்பா, சோதினைக்கு வினா எழுதிறியோ?"

"கூரை."

"தகரத்தை விடு. மேலையிருந்து பாக்கக் கண்ணாடி மாதிரி மினுங்கும். பொம்மர்காரன் அதிலை முகம் பாத்துத் தலை இழுத்துக்கொண்டு போவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். சிரித்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

17.9, வியாழன். புரட்டாதி 1

பள்ளிக்கூடத்தால் இரண்டரைக்கு வந்தேன். அந்த நேரம், முகட்டுத் திறப்பால் விழும் வெயில்துண்டு கிழக்குச் சுவரடிக்குப் போய்விடும். இன்று அதைக் கடந்து அடுப்படிக்குப் போகக் காலை வைத்தேன்.

"அதிலை மிதியாதை!"

மாமி. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண் இப்போது முக்கால்வாசி மங்கல். ஆனால் வெளிச்சம் தெரியும். இந்த வீட்டில் அவர் தெளிவாகப் பார்க்கிற ஒரே பொருள் அதுதான் போல.

"வெயில் மாமி."

"வெயில்தான். மிதியாதை."

சுற்றிப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பி வரும்போதும் சுற்றித்தான் வந்தேன். கையில் கோப்பை இருந்ததால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

19.9, சனி

காலையில் ஓடு பார்க்கப் போனேன். சைக்கிளில் இருபது நிமிடம். பெரிய நாற்சார் வீடு. வீட்டுக்காரர் குடும்பத்தோடு கனடா. காவலுக்கு நிற்கிற மனிதர் விற்கிறார். பாதிக் கூரை ஏற்கனவே கழன்றுவிட்டது. சிலாகைகள் மட்டும் நிற்க, நடு அறை வெட்டவெளி.

"கள்ளிக்கோட்டை ஓடு தங்கச்சி. இப்ப காசு குடுத்தாலும் வராத சாமான். தட்டிப் பாருங்கோ, மணி மாதிரிக் கேக்கும்."

"அவைக்குத் தெரியுமோ, நீங்கள் விக்கிறது?"

"அவை வரப்போறேல்லை."

"மழை வந்தால் வீடு நனையாதோ?"

"நனையட்டுமன். உள்ளுக்கை ஆர், தடிமன் பிடிக்க?"

தன் பகிடிக்குத் தானே சிரித்தார். ஒரு ஓட்டை எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் கறுப்பு. அடுப்படி ஓடு. எத்தனையோ வருடப் புகை. யாரோ பொரித்த மிளகாய்.

என் சீதன வீடு மயிலிட்டியில். ஓட்டு வீடு. தொண்ணூறில் ஒரு பையோடு வெளிக்கிட்டோம். அதன் பிறகு இராணுவம் இருக்கிற அந்தப் பக்கம் ஒருவரும் போகமுடியாது. அப்படித்தான் இந்தக் கிடுகு வீட்டுக்கு, மாமியிடம் வந்தது. அங்கே என் ஓடுகள் இப்போதும் இருக்கின்றனவோ, வேறு யார் தலைக்கு மேலோ. அவர்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள், அவை வரப்போறேல்லை என்று.

ஓட்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

"என்ன தங்கச்சி, பிடிக்கேல்லையோ?"

"பாரம் கூட அண்ணை. எங்கடை மரம் தாங்காது."

பொய். பனை மரம் தாங்கும்.

பன்னிரண்டு மணிக்கு முன்னம் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் அப்படி மிதித்து வந்தேன் என்று வந்த பிறகுதான் தெரிந்தது. உச்சி நேரம் வெயில்துண்டு விழுந்த இடத்தைச் சோக்கட்டியால் குறித்தேன். பா.வின் அடிமட்டத்தால் அளந்தேன். மாமியின் கட்டில்காலுக்கு இன்னும் பதினைந்து அங்குலம்.

20.9, ஞாயிறு

மறுபடி குறித்தேன். பதினாலுக்குக் கொஞ்சம் குறைவு.

மாமி கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன அளக்கிறாய்?"

சொன்னேன்.

"எனக்குத் தெரியும். நான் உன்ரை மட்டம் இல்லாமலே சொல்லுவன். என்னட்டைத்தான் வாறான். ஒவ்வொரு நாளும் எப்பன் எப்பன்."

"சூரியன் தெற்கை போகுது மாமி. ஆவணி நடுவிலை தலைக்கு நேரை நிண்டது. இப்ப தை மாசம் வரைக்கும் தெற்கைதான்."

"சூரியன் தெற்கை போனால் இது ஏன் வடக்கை வருது?"

ஓட்டை விழுந்த ஒரு சுளகைப் பிடித்து, கைவிளக்கைச் சாய்த்து, மங்கல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். என் ஒன்பதாம் வகுப்பை விடப் பொறுமை.

"நீ சொல்லுறது சரி," என்றார். "ஆனால் கட்டில் இஞ்சைதானே கிடக்கு."

கட்டிலை அந்தச் சுவரோடு போட்டது பா.

22.9, செவ்வாய்

காலை இரண்டு முறை பொம்மர் விமானம். பிள்ளைகள் பங்கர்க் குழிக்குள். ஒருத்தி சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டு வந்தேன் என்று அழுதாள்.

பாடம் நடக்கவில்லை. பங்கருக்கு மேலே போட்டிருக்கிற பனங்குற்றிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இதுவும் ஒரு கூரை. இதற்கு எத்தனை வரியம்?

24.9, வியாழன்

மழை. பத்து நிமிடம். அவ்வளவுதான். ஆனால் முதல் மழை.

திறப்புக்கு நேர் கீழே தண்ணீர் விழுந்து சோக்கட்டிக் கோடுகளைக் கழுவியது. வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமி எனக்கு முன்னம் அங்கே. கண் தெரியாத மனுசி எப்படி அவ்வளவு கெதியாய்? வாளி வைக்கவில்லை. உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றார்.

"தடிமன் பிடிக்கும் மாமி."

"நனைஞ்சுபோய் வந்திருக்கிறான்."

அவருடைய நனைந்த தலையைத் துவட்டிவிட்டேன். மாமி துவாயைப் பிடுங்கி என் தலையைத் துவட்டினார்.

உலர்ந்த பிறகு எழுதுவது:

அவர் இந்த அறைக்குள் இருக்கிறார் என்றால், அவர் செத்துவிட்டார். அவர் செத்துவிடவில்லை என்றால், இந்த அறைக்குள் ஒருவரும் இல்லை. இரண்டில் ஒன்றுதான் எனக்குக் கிடைக்கும். இரண்டு மாதமாக இரண்டாவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது படலையைத் திறக்கும் கை ஏன் அவசரப்படுகிறது? வெறும் அறைக்கு ஒருவரும் அப்படி ஓடி வரமாட்டார்கள்.

மாமியை விட நான்தான் மோசம் என்று தோன்றுகிறது. மாமிக்கு அவர் செத்தவர் என்பது தெரியும்.

25.9, வெள்ளி

புவனா ரீச்சர் என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய மச்சாள் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் தாதி. கால் முறிந்த ஒரு வள்ளக்காரர். இவ்வளவு நாளும் அக்கரையில் கிடந்தவர், போன கிழமைதான் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். தன் வள்ளத்தில் வந்தவர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுகிறாராம்.

"ஒராளைப் 'பிளாஸ்க் மாஸ்ரர்' எண்டு சொல்லுறாராம்," என்றாள். "உன்ரை அவர் போகேக்கை..."

ஓம். பச்சை நிறப் பிளாஸ்க். மருந்து பழுதாகாமல் ஐஸ் போட்டுக் கொண்டுவர. நான்தான் கழுவி வெயிலில் காயவைத்துக் கொடுத்தது.

மாமியிடம் சொல்லவில்லை.

26.9, சனி

உச்சி நேரம். கட்டில்காலுக்கு ஏழரை அங்குலம்.

ஏழு நாளில் ஏழரை. வரும் சனிக்கிழமை தொடும். கணக்கு இவ்வளவு சுத்தமாக வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

27.9, ஞாயிறு

காலை ஆறுக்கு வெளிக்கிட்டேன். மாமியிடம் ஓலை பார்க்கப் போகிறேன் என்றேன். சாவகச்சேரிக்குச் சைக்கிளில் மூன்று மணித்தியாலம், நடுவில் ஒருமுறை காற்றுப் போய். சந்தையடியில் நல்ல சனம். வாழைக்குலை, பலாப்பழம். எல்லோரும் விலை பேசிக்கொண்டு. அவர்களைப் பார்க்கக் கோபமாக வந்தது.

பெயர் அந்தோனி. குருநகர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கால் கட்டுக்குள். கட்டில் தலைப்பில் செபமாலை.

நான் யார் என்று சொன்னதும் எழும்பப் பார்த்தார். முடியவில்லை.

"என்ரை வள்ளம்தான் தங்கச்சி. பதினெட்டுப் பேர். எல்லாரும் அவரைப் பகிடி பண்ணினவை. 'மாஸ்ரர், உள்ளுக்கை என்ன, பச்சைப் பிள்ளையோ?' எண்டு. மடியிலை வைச்சு ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். 'அம்மாவின்ரை சாமான்' எண்டார். பேந்து ஒருத்தரும் பகிடி பண்ணேல்லை."

"பிறகு?"

"வெடி விழ வள்ளம் சரிஞ்சுது. நான் கத்தினனான், பலகையைப் பிடியுங்கோ, ரெண்டு கையாலையும் பிடியுங்கோ எண்டு. பிடிச்ச ஆக்கள் கொஞ்சப் பேர் தப்பினவை. அவர்..." கையை நெஞ்சோடு சேர்த்துக் காட்டினார். இல்லாத ஒன்றைக் கட்டிப் பிடிக்கிற மாதிரி. "அவர் இப்பிடித்தான் இருந்தவர்."

"பிறகு காணேல்லையோ?"

"காணேல்லை."

"காணேல்லை எண்டால், வேறை வள்ளத்திலை ஏறியிருக்கலாம்தானே? அக்கரையிலை எங்கையாவது..."

"தங்கச்சி. நான் கடல்காரன். அதிலை நிலை இல்லை, ஆள் தாழுற தண்ணி. அவருக்கு நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது."

அவர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கூரை. சீற். ஒரு மூலையில் குளவிக்கூடு.

"எத்தினை மணியிருக்கும்?"

"மணிக்கூடு ஆர் பாத்தது? ஆனால் நிலவு எழும்பேல்லை. எல்லாம் முடிஞ்சு நான் தண்ணிக்கை ஒரு கட்டையைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கேக்கைதான் நிலவு வந்தது. வெள்ளையாய்."

வெளிக்கிடும்போது கையைப் பிடித்தார். "ஒவ்வொருத்தருக்கும் பேர் சொல்லி ஒரு மெழுகுதிரி கொளுத்துவிக்கிறன். அவருக்குப் பேர் தெரியாமல் 'பிளாஸ்க் மாஸ்ரர்' எண்டுதான் கொளுத்தினது. ஆண்டவருக்கு விளங்கியிருக்கும். எண்டாலும் பேர் என்ன தங்கச்சி?"

சொன்னேன். பாலன். சிவபாலன்.

அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

திரும்பி வரும் வழி ஞாபகம் இல்லை. எங்கோ நாவற்குழியடியில் ஒரு கிழவர், "பிள்ளை, சீலை சில்லுக்கை மாட்டப்போகுது," என்று கத்தினார்.

28.9, திங்கள்

பள்ளிக்கூடம் போகவில்லை.

மாமிக்குக் காலைத் தேத்தண்ணி கொடுத்து, பக்கத்தில் இருந்து சொன்னேன். வள்ளக்காரரைக் கண்டது. சூடு. வள்ளம் சரிந்தது. ஆழம். எல்லாம் ஒரே மூச்சில், பாடம் ஒப்புவிக்கிற மாதிரி.

மாமி அழவில்லை. கோப்பையை நிலத்தில் வைத்தார்.

"மருந்து வாங்கினவனாமோ?"

"தெரியாது மாமி. அவர் அதைச் சொல்லேல்லை."

"கையிலை ஏதும் வைச்சிருந்தவனாமோ?"

"இல்லை. ஒண்டும் இல்லையாம்."

அது பொய் என்று இங்கே மட்டும் எழுதுகிறேன். இந்தக் கொப்பியை மாமி வாசிக்கப்போவதில்லை. வாசிக்கக்கூடிய கண் இருந்த காலத்திலும் வாசித்திருக்கமாட்டார்.

பிறகு மாமி: "எத்தினை மணியாம்?"

"நிலவுக்கு முதல்."

மாமி விரல் மடித்தார். பூரணை கழிந்த நாட்களை எண்ணினார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்து வரச் சொல்லி, அந்தப் பக்கத்தை என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பஞ்சமி பத்து மணிக்கு மேல்தான். நிலவு அதற்கு முன்னம் எழும்பிவிடும்.

"அப்ப பஞ்சமி இல்லை."

"இல்லை மாமி."

"சும்மா பிரிச்சிட்டம்." முகட்டைப் பார்த்தார். "அவன் நல்ல நேரத்திலை, தன்ரை பாட்டிலை போயிருக்கிறான். நாங்கள்தான் வீட்டைத் திறந்துவைச்சு, வா வா எண்டு கூப்பிட்டிருக்கிறம்."

அப்போதுதான் அழுதார். நான் அவர் தோளைப் பிடித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இரண்டு மாதம் அழுதது வேறு யாருக்கோ போல.

பத்தரை மணிக்கு வெயில்துண்டு மேற்குப் பக்கமாக நிலத்தில் இறங்கி வரத் தொடங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி இருந்தோம், படலையைத் திறந்து வருகிற ஒருவரைப் பார்க்கிற மாதிரி. பஞ்சமி இல்லை. வழி தேவையில்லை. ஆனாலும் அது வந்தது.

30.9, புதன்

பின்னேரம் ஆறுமுகம் அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் வளவில் மிதித்துப் படிய அடுக்கிய பனையோலை. மேலே கல் பாரம். பச்சை மாறிச் சாம்பல் நிறம்.

"நாலு வரியத்துக்கு," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ விளங்கிக்கொண்டார். "அப்ப பனையோலை. கெட்டிக்கார முடிவு. மேலையிருந்து பாத்தாலும் வளவும் வீடும் ஒண்டாய்த்தான் தெரியும். சனிக்கிழமை விடிய வாறன், அஞ்சு பேரோடை. கஞ்சி காய்ச்சி வையுங்கோ. பழைய கிடுகை என்ன செய்யிறது?"

"தோட்டத்துக்குத் தாழுங்கோ."

ஏன் நாலு? இவ்வளவு நாளும் கிடுகு என்றுதான் மனதில் இருந்தது. ஒரு வருடம், அதற்குள் அவர் வந்து தன் ஓட்டைப் போடுவார் என்று. அது முடிந்தது. ஓடு என்றால் என்றைக்குமாக. அதற்கு எனக்குத் தைரியம் இல்லை, அடுத்தவன் வீட்டை உரிக்கவும் மனமில்லை. நாலு வருடம் என்பது ஒரு மனிதர் நினைத்துப் பார்க்கக்கூடிய நீளம். பிறகு மறுபடி யாராவது வந்து கேட்பார்கள். அப்போது சொல்லலாம்.

மாமியிடம் சொன்னேன்.

"நாலு வரியம். அப்ப உனக்கு எத்தினை வயசு?"

"முப்பத்தொண்டு."

மாமி: "ஓலை நாலு வரியம் இருக்கட்டும். நீயும் நாலு வரியம் இப்பிடியே இருக்கவேணும் எண்டில்லை. விளங்குதோ?"

"மாமி, வேறை கதை கதையுங்கோ."

"வேறை கதை என்னட்டை இல்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் முகட்டை மூடவேண்டாமெண்டு ஆறுமுகத்துக்குச் சொல்லு. எனக்குக் கணக்குத் தெரியும்."

2.10, வெள்ளி

வடக்கே முகில். காற்று விழுந்துவிட்டது.

அரிசி ஊறவைத்தேன். பயறு. தேங்காய் மூன்று. கயிறு வந்தது. இரவல் ஏணி வந்தது.

சின்னமாமா வந்தார், இரண்டு மாதத்துக்குப் பிறகு. மாமி ஆள் அனுப்பியிருக்கிறார். வாசலில் நின்றார். "நான்தானே பிரிச்சது. நாளைக்கு நானும் ஒரு கை பிடிக்கிறன்," என்றார். அந்தியேட்டிக்கு நாள் பார்த்துவிட்டாராம். நான் தலையை ஆட்டினேன். அவர் வயது போன மனிதராகத் தெரிந்தார்.

3.10, சனி

விடிய ஐந்தரைக்கு வந்துவிட்டார்கள். ஏழு மணிக்குள் பழைய கிடுகு முழுதும் நிலத்தில். வீடு எலும்புக்கூடு. எலி பதினொன்று. ஒரு சாரைப்பாம்பு, அதைக் கலைத்துக்கொண்டு ஓடிய ஆட்களின் சிரிப்பு. "டேய், அது இந்த வீட்டு மூத்த ஆள், மரியாதையாய் விடு!"

தாழ்வாரத்திலிருந்து மேலே வரிசை வரிசையாக ஓலை ஏறியது. வெளியே கத்தல். "இழு! இறுக்கு! உதென்ன கட்டு, பூமாலையோ கட்டிறாய்?" உள்ளே அரை அடி அரை அடியாக இருட்டு. பனையோலை மணம். பதினொரு மணிக்கு முகட்டில் பழைய இடம் மட்டும் மிச்சம். சின்னமாமா ஏணியின் அடியைப் பிடித்தபடி நின்றார். ஆறுமுகம் அண்ணை எல்லோரையும் கஞ்சிக்கு இறக்கினார். முகிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மாமி குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, கட்டிலின் விளிம்பில் வந்து உட்கார்ந்தார். நான் நிலத்தில்.

வெயில் வந்தது. மற்ற இடமெல்லாம் இருட்டானதால் இன்றைக்கு அது மிகவும் வெள்ளை. தூசி அதற்குள் மெதுவாக ஏறி இறங்கியது. பன்னிரண்டுக்குச் சற்று முன்னம் கட்டில்காலைத் தொட்டது. மாமி காலை நீட்டி அதற்குள் வைத்தார். இரண்டு பாதமும். நரம்பு, நகம், சீனிப்புண் ஆறிய தழும்பு எல்லாம் தெரிந்தது.

"சுடுதோ மாமி?"

"இல்லை. இளஞ்சூடு."

நாலு நிமிடம் இருக்கும். ஐந்து. மாமி வாய்க்குள் ஏதோ கதைத்தார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டது: "காணும் மோனை, போதும். போய்ட்டு வா." பிறகு முகில் மூடி, பாதத்தில் இருந்து வெளிச்சம் அணைந்தது.

மாமி காலை மேலே எடுத்துக்கொண்டார். "வரச் சொல்லு."

ஆறுமுகம் அண்ணை ஏறினார். திறப்புக்குள்ளால் குனிந்து பார்த்தார். "கடைசி ஓலை வீட்டுக்காரற்றை கையாலை உள்ளையிருந்து தரவேணும். அது முறை. ஆர் தாறியள்?"

சின்னமாமா மாமியைப் பார்த்தார். மாமி நான் இருந்த பக்கம் கையை நீட்டினார்.

"அவள். அவள்தான் வீட்டுக்காரி."

பாலனின் வரைமேசையை இழுத்துப்போட்டு ஏறினேன். ஓலை நினைத்ததை விடப் பாரம். விளிம்பு கையை வெட்டியது. மேலே நீட்டினேன். அவர் பிடித்தார்.

"சரி, பிடிச்சிட்டன்."

ஓலைக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் ஆகாயம் இருந்தது. கறுத்த ஆகாயம். கிணற்றடியில் முதல் துளிகள் வாழையிலையில் விழுந்த சத்தம்.

"விடுங்கோ பிள்ளை."

என் விரல்கள் திறக்கவில்லை.

"பிள்ளை, விடுங்கோ. மழை வருது."